கழுகு மரத்துக் கையெழுத்துப் புத்தகம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனை யாரும் சும்மா தேடி வருவதில்லை. வந்தால் கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கும், இல்லையென்றால் நன்கொடை ரசீது இருக்கும். போன மாதம் எனக்கு வந்த போன் இரண்டிலும் சேராது. வனக்காவலர் பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவர் பேசினார். குரலில் இருந்த பணிவைக் கேட்டு நான் கொஞ்சம் பயந்துபோனேன்.

"ஐயா, நீங்க எழுதின கழுகுக்கூட்டுப் பதிவேட்டை இங்க கண்ணாடி அலமாரியில வச்சிருக்கோம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு அதைத்தான் மாதிரியாக் காட்டுறோம். மணிக்கு மணி பதிவு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு சிறப்பு மலர் போடுறோம். அதை எப்படிப் பராமரிச்சீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க."

"இப்பவும் அந்தப் புத்தகம்தானா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் போயாச்சு ஐயா. செல்போன்ல ஆப் வந்துட்டு. மரத்துக்கு இருபத்தஞ்சு அடிக்குள்ள போய் நின்னாத்தான் வருகையே பதிவாகும்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியும் விட்டேன், இதுதான் அது. அச்சில் போடுவதும் அடுப்பில் போடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் ஞானதாஸ். ஊர் இரணியல் பக்கம். முப்பத்து நாலு வருஷ சர்வீசில் முப்பத்து மூன்று வருஷம் பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் கழிந்தது. யானை விரட்டினேன், காட்டுத்தீ அணைத்தேன், அட்டைப் பூச்சிக்கு எனக்கிருந்த ரத்தத்தில் பாதியைக் கொடுத்தேன். இதற்கெல்லாம் எந்த அலமாரியும் கிடைக்கவில்லை. கிடைத்தது தேய்ந்துபோன இரண்டு கால்முட்டு. குனிந்தால் நிமிர முடியாது, உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். டாக்டர் சீட்டைக் காட்டி அழுததில், கடைசி ஒரு வருஷத்துக்குக் கடற்கரைக்கு மாற்றினார்கள். சுனாமிக்கு அப்புறம் நட்டு வளர்த்த சவுக்குக் காடு ஒன்று அங்கே இருக்கிறது. அது எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

மணல், காற்று, சவுக்கின் இரைச்சல். காலை நீட்டி உட்கார்ந்து பென்ஷன் கனவு காணத் தோதான இடம். அப்படியே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் இரண்டு பெரிய பறவைகள் வந்து, காட்டின் நடுவில் உயரமாக நின்ற சவுக்கின் உச்சியில் சுள்ளி அடுக்க ஆரம்பித்தன. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. கடற்கரைக்காரர்கள் ஆலா என்பார்கள். கடலுக்கு மேலே பறந்து போவதை எல்லோரும் பார்த்ததுண்டு. ஆனால் எங்கள் பகுதியில் அது கூடு கட்டியதாக ஆபீஸ் காகிதங்களில் ஒரு வரிகூடக் கிடையாது. வள்ளத்தின் அடிப்பாகம் அளவுக்குக் கூடு வளர்ந்தது. அண்ணாந்து பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் எனக்கென்று வந்த ஒரு காரியம் இது என்று நினைத்தேன். சும்மா இருக்காமல் ரேஞ்சருக்குப் போன் பண்ணினேன்.

ரேஞ்சர் சண்முகவேல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. ஒரு டீகூடப் பிறத்தியார் காசில் குடிக்க மாட்டார். அவர் முன்னால் வேலை பார்த்த இடத்தில், காவலர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அங்கே சந்தன மரத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மனிதன் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை போயிற்று, எழுத்தில் மட்டும்தான் நம்பிக்கை. "எழுதலைன்னா நடக்கலை" என்பார். பதிவேட்டைத் திறக்கும் முன் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பக்கத்தை மூலையில் பிடித்துப் புரட்டுவார், சிவப்பு மையில் டிக் போடுவார். மரத்தடிக்கு வந்தால் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று புத்தகத்தைப் பார்ப்பார். அந்தக் கழுகை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. ஆபீசில் ஒரு பைனாகுலர் உண்டு. அது ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் பீரோவிலும் பத்திரமாக இருந்தது.

அவர் மூன்று ஏற்பாடு செய்தார். காட்டைச் சுற்றிக் கம்பி கட்டி 'மனித நடமாட்டம் தடை' என்று போர்டு வைத்தார். அந்த போர்டு மனிதர்களுக்கு, நமக்கில்லை என்று எனக்கு விளக்கவும் செய்தார். அடுப்பெரிக்கச் சவுக்குச் சருகு பொறுக்க வரும் கடற்கரைப் பெண்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு போட்டார். மூன்றாவதுதான் அவருடைய மூளையின் உச்சம். ஒரு தகரப் பெட்டியைக் கூட்டு மரத்திலேயே ஆணி அடித்து மாட்டினார். உள்ளே பதிவேடு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு தடவை காவலர் மரத்தடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, பறவையின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"டீக்கடையில உக்காந்து கையெழுத்துப் போடுற வேலை என்கிட்ட நடக்காது ஞானதாஸ்," என்றார்.

நானும் யோக்கியமாகப் போனேன். ஆறு மணிக்குப் போனேன், கழுகு எழுந்து பறந்தது. எழுதினேன்: 'காவலர் வந்ததும் பறவை பறந்தது.' ஏழு மணிக்குப் போனேன், அப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது, மறுபடியும் பறந்தது. எழுதினேன். எட்டு மணி, பறந்தது. ஒன்பது மணி, பறந்தது. ஒரு வாரம் நான் எழுதியதைப் படித்தால் ஏதோ விமான நிலையத்துக் கணக்கு என்று நினைப்பீர்கள். எட்டாம் நாள் மரத்தடியில் வெள்ளை ஓடு உடைந்து கிடந்தது. மேலே கிளையில் காக்கை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதையும் எழுதினேன். கழுகு திரும்பி வந்து மறுபடியும் அடை உட்கார்ந்தது, இன்னொரு முட்டை மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. 'தங்கள் பணி நேரத்தில் மட்டும் பறவை கூட்டில் இல்லாததற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.'

நேரில் போனேன். "சார், நான் போறதுனாலதான் அது பறக்குது. பெட்டியக் காட்டு ஓரத்துல மாட்டுவோம்."

"ஓரத்துல மாட்டினா நீங்க மரத்தடிக்குப் போனீங்கன்னு எப்படித் தெரியும்?"

"போகக் கூடாதுன்னுதானே சார் சொல்றேன்."

கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். "ரிட்டையர்மென்டுக்கு இன்னும் எத்தனை மாசம்?"

"மூணரை, சார்."

"அது வரைக்கும் இன்னொரு மெமோ வராமப் பாத்துக்கோங்க. சார்ஜ் நிலுவையில இருந்தா விடுவிக்க முடியாது. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டில் சொன்னேன். "பென்ஷன் காகிதம் கையில வாறது வரைக்கும் வாயத் தொறக்காதீங்க," என்றாள் வீட்டுக்காரி. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அது.

இனி ரெஜீனாள். கடற்கரையில் மீன் விற்கிற பெண், நாற்பது வயசிருக்கும். தடை, கம்பி, போர்டு எல்லாவற்றையும் தாண்டி, தலையில் சருகு நிறைந்த ஓலைக் கடவத்தோடு அவள் காட்டுக்குள்ளிருந்து சாவகாசமாக வந்துகொண்டிருந்தாள். பிடித்துவிட்டேன்.

"ஏட்டி, போர்டுல எழுதியிருக்கது கண்ணுல படல்லியா?"

"படிச்சேன் சாரே. மனுசரு நடமாடப்பிடாதுன்னு இருக்கு. நாங்க என்னைக்கு ஆலாவுக்குத் தொந்தரவு செய்தோம்? நீங்கதான் செய்யியது."

"நானா?"

"பின்ன? தெனமும் நான் அந்த மரத்து மூட்டுலதான் சருகு பெறக்குதேன். அது என்னைய மதிக்கவே செய்யாது. நாங்க குனிஞ்ச தல நிமிர மாட்டோம். நீங்க காக்கிய மாட்டிக்கிட்டு வந்து, நின்னு, மேல மொறைச்சுப் பாக்கிதிய. உச்சாணியில இருக்குத ஒரு உசுரு பயப்படுமா பயப்படாதா?"

கர்த்தாவே, முப்பத்து நாலு வருஷம் காட்டில் இருந்தவனுக்கு இது உறைக்கவில்லையே! மறுநாள் சோதித்தேன். காக்கியைக் கழற்றி லுங்கி கட்டினேன், அவளுடைய பழைய கடவம் ஒன்றை வாங்கினேன், குனிந்துகொண்டு காட்டுக்குள் போனேன். பாதி தூரம் அருமையாகப் போயிற்று. கழுகு அசையவில்லை. அப்புறம் என் முட்டு படக்கென்று சத்தம் போட்டது. கடவத்தோடு குப்புற விழுந்து 'ஏசுவே' என்று அலறினேன். கழுகு பறந்தது. ரெஜீனாள் தூரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாரே, அந்தப் பொஸ்தவத்த நான் எடுத்துட்டு வாறேன். கரையில இருந்து எழுதுங்க," என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விடியற்காலையில் அவள் குனிந்தபடி போவாள், பெட்டியைத் திறந்து பதிவேட்டைச் சருகுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் நான் உட்கார்ந்திருப்பேன். சருகு பொறுக்கும் சாக்கில் நாலைந்து தடவை போய், குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்துவந்து சொல்வாள். "பொட்டை அடையில இருக்கு. கடுவன் மேக்குக் கொம்புல." நான் எழுதுவேன்: 'பறவை கூட்டில். அமைதி.' சாயங்காலம் புத்தகம் பெட்டிக்குள் போய்விடும். பதிலுக்கு அவள் சருகு பொறுக்குவதை நான் கண்டுகொள்ளவில்லை. எழுதியது என் கை, பார்த்தது அவள் கண். பயிற்சி நிலையத்தார் மெச்சுகிற அடித்தல் திருத்தல் இல்லாத பதிவு எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நிழலில் உட்கார்ந்து எழுதினால் யாருக்குத்தான் கை நடுங்கும்?

அவள் சும்மா பார்க்கவும் இல்லை. காக்கை கூடினால் குனிந்தபடியே மணலை வாரி எறிந்து விரட்டுவாள். ஜனவரியில் ஒரு நாள் கடவத்தை இறக்காமலேயே ஓடிவந்தாள். "சாரே, பொரிச்சாச்சு! கடுவன் கடல்பாம்பு கொண்டாந்து போட்டுது. உள்ள இருந்து சின்னதா ஒரு கீச்சுச் சத்தம். ஒண்ணே ஒண்ணுதான்." அன்று நான் எழுதிய வரியை ரேஞ்சர் சிவப்பு மையில் இரண்டு தடவை அடிக்கோடிட்டார். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அறிக்கை போனால் ஆள் வருவார் என்பதை நானும் ரெஜீனாளும் யோசிக்கவில்லை.

குஞ்சு பொரித்து இரண்டு வாரம் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு ரேஞ்சர் போன். "மாவட்ட அதிகாரி பத்தரைக்கு வர்றார். மரத்தடியில பதிவேட்டைப் பாக்கணுமாம். எல்லாம் பெட்டியில இருக்கட்டும்." புத்தகம் என் மடியில் இருந்தது. என் முட்டு வலியோடு ஓட முடியாது. ரெஜீனாளிடம் கொடுத்து, "பெட்டியில வச்சுட்டு ஓடிரு மக்களே," என்றேன். அவள் போனாள். ஜீப் பத்தரைக்கு வரவில்லை, ஒன்பதரைக்கே வந்துவிட்டது. அதுவும் ஒன்று இல்லை, மூன்று.

நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் பதினாலு பேர். நடுவில் ரெஜீனாள். அவள் கையில் அரசாங்கப் பதிவேடு. மேலே கழுகு இரண்டும் கத்திக்கொண்டு சுற்றின.

"தடை செஞ்ச இடத்துல அத்துமீறல்! அரசு ஆவணத் திருட்டு!" ரேஞ்சர் கத்தினார். சந்தன மரத்தை வெட்டினவனே கையில் அகப்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

மாவட்ட அதிகாரி என்னைப் பார்த்தார். "புக் எப்படி இந்தம்மா கைக்கு வந்துச்சு?"

வாயைத் திறந்தேன். உள்ளதைச் சொல்ல ஒரு வரி போதும். நான்தான் சார் கொடுத்தேன், அவ்வளவுதான். ரிட்டையர் ஆக ஐம்பது நாள் இருந்தது. மகள் கல்யாணம் கண் முன்னால் வந்தது. ரெஜீனாள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியல்ல சார்," என்றேன்.

"கீழ கெடந்துது, பெறக்கினேன்," என்றாள் அவள். 

உடனே மகஜர் எழுத வேண்டும் என்றார் ரேஞ்சர். மகஜர் என்றால் என்ன பொருள், யாரிடம், எங்கே பிடிபட்டது என்று எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு முடிக்கிற பத்திரம். அதைச் சம்பவ இடத்தில்தான் எழுத வேண்டும், அது முறை. சம்பவ இடம் கூட்டுக்கு நேர் கீழே. நாற்காலி வந்தது, மேஜை வந்தது, ஃபிளாஸ்கில் டீ வந்தது. சருகுக் கடவத்தின் நீளம், அகலம் அளந்தார்கள். நாலு எல்லை எழுதினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் ஏறியது. மேலேயிருந்து கீச்சென்ற சத்தம் முதலில் பலமாகக் கேட்டது.

"சார், குஞ்சு வெயில்ல கெடக்கு. நாம கொஞ்சம் தள்ளிப் போனா..." என்றேன். அதையாவது சொன்னேன்.

"இருங்க ஞானதாஸ், முடிஞ்சுட்டு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

முதல் சாட்சி நான். போட்டேன். ரெஜீனாள் என் கையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நிமிர்ந்து நேராக அந்தக் கூட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான். கீச்சுச் சத்தம் நின்றிருந்தது.

நாலு திங்கட்கிழமை அவளை ஆபீசுக்கு அலைய விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வந்ததற்கு ஒரு கையெழுத்து. நாலு நாள் மீன் வியாபாரம் போயிற்று, அபராதமும் கட்டினாள். கழுகு ஜோடி இரண்டு நாள் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

இனிமேல்தான் அந்த மாதிரிப் பதிவேட்டின் சிறந்த பகுதி. மேலிடத்துக்கு 'வெற்றிகரமான இனப்பெருக்கம்' என்று அறிக்கை போய்விட்டது. குஞ்சு செத்தது என்று எழுதினால் எப்படிச் செத்தது என்று கேள்வி வரும். அதனால் நான் எழுதிக்கொண்டே போனேன். வெறும் மரத்தடியில் மணிக்கு மணி போய் நின்று எழுதினேன். இப்போது தாராளமாகப் போகலாமே, பறப்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே. புத்தகத்தில் குஞ்சு வளர்ந்தது. புத்தகத்தில் அதற்குச் சிறகு முளைத்தது. ஒரு நாள் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கை அடித்தது. ரேஞ்சர் வாரா வாரம் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று டிக் போட்டார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நான் ரிட்டையர் ஆனேன். அன்று காலை ஆறு மணிக் கட்டத்தில், 'குஞ்சு பறந்தது' என்று எழுதினேன். ரேஞ்சர் படித்துவிட்டு, 'மகிழ்ச்சி' என்று சிவப்பில் எழுதினார். சாயங்காலம் பொன்னாடை போர்த்தினார்கள். மறுவாரம் பென்ஷன் காகிதம் வந்தது. மகள் கல்யாணமும் நல்லபடி நடந்தது.

இதுதான் ஐயா நான் பதிவேடு பராமரித்த விதம். அதில் உள்ள முதல் வாரம் உண்மை, அதற்குத்தான் மெமோ வந்தது. நடு எட்டு வாரம் ரெஜீனாள் கண்ட உண்மை, அவளுக்குக் கிடைத்தது அபராதம். கடைசி ஐம்பது நாள் முழுப் பொய், அதைத்தான் நீங்கள் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறீர்கள். நான் கோழை. நன்றாக எழுதத் தெரிந்த கோழை.

இதை எழுதும் முன் கடற்கரைக்குப் போனேன். ரெஜீனாள் கரையில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சருகுக் கடவம். ஒளித்துப் பேச எனக்கு இனி என்ன இருக்கிறது? அவள் பேரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன்.

"போடுங்க. ஆபீசு பொஸ்தவத்துல எனக்க பேரு கள்ளின்னு கெடக்கு. இதுலயாவது நேரா கெடக்கட்டு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். கிளம்பும்போது, இத்தனைக்கும் பிறகு, வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "ஆலா பெறகு வந்துதா?"

"வந்துட்டு. கூடும் வச்சாச்சு. ரண்டு குஞ்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ரெஜீனாளே? எந்த மரத்துல?"

அவள் எழுந்து கடவத்தைத் தலையில் தூக்கினாள். "ஒங்ககிட்ட பறைய மாட்டேன் சாரே," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் கேட்டிருக்கக் கூடாது. சாலைக்குப் போக அந்தச் சவுக்குக் காட்டு வழியாகத்தான் வர வேண்டும். முட்டு வலித்தது. வலிக்கட்டும் என்று குனிந்தே நடந்தேன். காடு முடிகிறவரை ஒரு தடவைகூட நான் மேலே பார்க்கவில்லை.